குங்குமம் வைத்த மோட்டார்

நாகஜோதியின் வேனுக்குப் பின்னால் சாமி பெயர் இல்லை. பிள்ளைகள் பெயரும் இல்லை. மஞ்சள் பெயின்டின் மேல் நீல எழுத்தில் ஒரே வரி: இங்கே யாரும் யாரையும் தூக்குவதில்லை.

எழுத வந்த பெயின்டர் தயங்கினார்.

"அக்கா, இதப் படிச்சா ஆளைக் கடத்துற வேன்னு நெனச்சிருவாய்ங்க."

"நெனைக்கட்டும். ஏறுற பிள்ளைகளுக்கு வெளங்கும். நீ எழுதுப்பா."

வேனின் பின்கதவைத் திறந்தால் ஓர் இரும்புப் பலகை மடிந்து நிற்கும். பொத்தானை அழுத்தினால் விரிந்து தரையைத் தொடும். சக்கர நாற்காலி அதன்மேல் உருண்டு வந்து நின்றதும் பலகை மெல்ல உயர்ந்து வேனின் தளத்தோடு சமமாகும். நாற்காலியில் இருப்பவரை யாரும் தொட வேண்டியதில்லை. கோச்சடையிலிருந்து மேற்கே மேலக்கால் வரை அப்படி ஒரு வேன் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

வாடிப்பட்டிப் பக்கம் பிறந்தவர். டிரைவர் வராத ஒரு நாளில் அப்பாவின் டிராக்டரை எடுத்து உழுதுவிட்டு வந்தவர், அதன் பிறகு சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கோச்சடைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கணவர் அழகுராஜாவுக்குக் கப்பலூரில் கம்பெனி வேலை. நாகஜோதி காளவாசலிலிருந்து பெரியார் பேருந்து நிலையத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஒரு நாள் வளர்ந்த பையன் ஒருவனை அவன் அம்மா இடுப்பில் சுமந்துகொண்டு ஏறினாள். ஏறி முடிக்கும் வரை பையன் கண்களை இறுக்கி மூடியிருந்தான்.

"உடம்புக்கு முடியலையா?" என்று நாகஜோதி கேட்டார்.

"அதெல்லாம் இல்ல. தூக்குறப்ப ஆளுக பாக்குறது அவனுக்கு வெக்கம்."

அந்தப் பதில் அவரை விடவில்லை. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி பழைய வேனை ஏலம் விடுகிறது என்று கேள்விப்பட்டு, ஆட்டோவை விற்றுவிட்டுப் போய் எடுத்து வந்தார். லிஃப்ட் அதிலேயே இருந்தது. அதன் தகட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாத நாட்டின் எழுத்து. பள்ளிக்கூடத்துக்கும் பயிற்சி மையத்துக்கும் போகிற பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினார். அவர்களில் மூத்தவள் முத்துமீனா. துவரிமானில் வீடு, டவுனில் பள்ளி, பிளஸ் டூ. அரசு கொடுத்த பேட்டரி நாற்காலியில், கைப்பிடியில் இருக்கும் குச்சியைக் கட்டைவிரலால் அசைத்து, தெருவில் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வருவாள். நாற்காலியை அவள் 'என் வண்டி' என்றுதான் சொல்வாள்.

பொங்கல் கழிந்து பள்ளி திறந்த அன்று லிஃப்ட் பாதி உயரத்தில் நின்றது. கருகிய வாடை வந்தது.

காளவாசலில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ராம்கி மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய், கருகிய கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகக் காயில் சுற்ற வைத்தார். சில நாள் ஓடி மறுபடி கருகியது. இன்னொரு முறையும் அப்படியே. சென்னையில் விசாரித்தால், மோட்டாரைத் தனியாகத் தர மாட்டோம், புது லிஃப்டே மாட்டித் தருகிறோம், கோடைக்குப் பிறகு வண்டியைக் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

மார்ச்சில் பொதுத்தேர்வு.

சின்னப் பிள்ளைகளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. நாகஜோதி தூக்கினார், பெற்றவர்கள் தூக்கினார்கள். கோச்சடை டீக்கடையில் ஒருவன், "ஏக்கா, பின்னாடி எழுத்த அழிச்சிட்டுப் போக வேண்டியதுதான?" என்றான். "நீ மொதல்ல டீக்காச குடுத்துட்டுப் போ" என்றார். ஆனால் அன்று வேனைச் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தினார், எழுத்து தெரியாதபடி.

முத்துமீனா வர மறுத்துவிட்டாள். அவளைத் தூக்கலாம், அவள் நாற்காலியை நாலு பேர் சேர்ந்தாலும் தூக்குவது கடினம். அதை வீட்டில் விட்டுவிட்டுப் பழைய தள்ளு நாற்காலியில் போனால், பள்ளியில் எங்கே போவதற்கும் யாராவது தள்ள வேண்டும்.

அவள் அப்பா சுருளிக்குப் பரவை மார்க்கெட்டில் சுமை தூக்கும் வேலை.

"ஊரு வெங்காயத்தையெல்லாம் தூக்குறேன். என் மகளத் தூக்க முடியாதா?"

"நான் மூட்டை இல்லப்பா."

சுருளி தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். வாசலில் நின்ற நாகஜோதிக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரவில்லை.

"பரீட்சைக்கு?" என்று கேட்டார்.

"லிஃப்ட் ஓடுச்சுன்னா என் வண்டியில வாரேன். இல்லாட்டி ஜூன்ல எழுதிக்கிறேன்க்கா."

"லிஃப்ட் ஓடும்" என்றார் நாகஜோதி. சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தார்.

மோட்டாரை முத்துமீனாதான் கண்டுபிடித்தாள். போனில் ஒரு வெளிநாட்டுக் கடை. படத்தில் அதே மோட்டார், அதே புரியாத எழுத்து. விலையைப் பார்த்து நாகஜோதி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். காயில் சுற்றக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். சலுகை முடியப்போகிறது என்று திரையில் ஒரு கடிகாரம் வேறு ஓடியது.

"எத்தனை வோல்ட்டுன்னு கேக்குதுக்கா. பன்னெண்டா, இருபத்துநாலா?"

ராம்கிக்குப் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. கடிகாரம் ஓடியது.

"ஒன் வண்டியில என்ன போட்டிருக்கு?"

முத்துமீனா நாற்காலியின் அடியில் கைவிட்டு ஸ்டிக்கரைத் தடவிப் படித்தாள். "இருபத்துநாலு."

"அப்ப அதையே போடு. ஒன்னையத்தான தூக்கணும்."

மோட்டார் விமானம் ஏறிச் சென்னைக்கு வந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. அங்கிருந்து நகரவில்லை. கூரியர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் நாகஜோதியிடம் பேசினாள். ஆதார் வேண்டும். அனுப்பினார். ஆதாரில் இருக்கும் பெயரும் பெட்டியின் மேலிருக்கும் பெயரும் ஒத்துவரவில்லை. ஆர்டர் போடும்போது முத்துமீனா, நாகஜோதியின் பெயரோடு அழகுராஜா பெயரையும் சேர்த்துப் போட்டிருந்தாள். விளக்கம் எழுதிக் கொடுத்தார். பிறகு சுங்கவரி. வரியைக் கம்பெனியே முதலில் கட்டியதற்கு ஒரு கட்டணம். பெயர் ஒத்துவராத நாட்களில் பெட்டி கிடங்கில் இருந்ததற்கு வாடகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போன் வந்தது. கடைசியில் பொருளின் விலையைவிட அது வந்த வழியின் விலை கூடுதலாக இருந்தது.

அழகுராஜா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "நாம ரெண்டு பேரும் இன்னும் பிளேன் ஏறல. ஒன் மோட்டார் ஏறிருச்சு."

"ஏறினா என்ன, எறங்கலையே இன்னும்."

பெட்டி வந்து சேர்ந்தபோது பிப்ரவரி முடியப் போனது. நாகஜோதி அதை ராம்கியிடம் கொண்டு போகவில்லை. முதலில் கோச்சடை முத்தையா சாமி கோயிலுக்குக் கொண்டு போனார். ஓடக்கூடிய எதுவும் அவர் வீட்டில் சாமியைப் பார்க்காமல் ஓடத் தொடங்கியதில்லை. தையல் மிஷின், மிக்சி, ஆட்டோ, வேன் எல்லாம் அப்படித்தான். பூசாரி பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். பஞ்சை விலக்கி, மோட்டாரின் வயிற்றில் சந்தனத்தை அப்பி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தார். ஒரு துண்டு மல்லிகையும் சுற்றினார். நாகஜோதி அதைப் பிள்ளையைப் போல மடியில் வைத்து வேனை ஓட்டிக்கொண்டு காளவாசலுக்குப் போனார்.

ராம்கி பூவை விலக்கிவிட்டு ஸ்டிக்கரைப் படித்தார். மறுபடி படித்தார்.

"அக்கா, இது இருபத்துநாலு. நம்ம வேனு பன்னெண்டு."

"கூடுதலா இருந்தா நல்லதுதான?"

"அப்படி இல்லக்கா. இதுக்கு நம்ம பேட்டரி பத்தாது. மொனங்கும், தூக்காது."

ராம்கி ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். "மாத்திக் குடுப்பானான்னு கேப்போம்."

வெளிநாட்டுக் கடைக்காரனுக்குப் படம் அனுப்பினார்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தது. முத்துமீனா வீட்டிலிருந்தே அதைப் போனில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மேல செவப்பா தெரியிறது துருவான்னு கேக்குறான்க்கா."

"குங்குமம்னு சொல்லு."

சற்று நேரம் கழித்து: "குங்குமம்னா என்ன எண்ணெய்ன்னு கேக்குறான்."

ராம்கி சிரித்துவிட்டார். நாகஜோதி சிரிக்கவில்லை. அடுத்த பதில் நீளமாக வந்தது. பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது. பயன்படுத்தாத பொருளானாலும் திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவருடையது.

"பெட்ரோல் போட்டுத் தொடைச்சிருவோம்க்கா" என்றார் ராம்கி. "பளிச்சுன்னு ஆயிரும். வேற போட்டோ எடுத்து, முந்தினது தப்பான படம்னு சொல்லிருவோம். அவனுக்குத் தெரியவா போகுது?"

"முத்தையாவுக்குத் தெரியும்ல?"

"சாமி என்ன செய்யப் போறாரு?"

"ஒண்ணும் செய்ய மாட்டாரு. நான்தான் தெனம் அந்த வழியா வண்டி ஓட்டுறேன். வச்சது வச்சதுதான். பொய் சொல்லி ஒரு மோட்டார் எனக்கு வேணாம்."

அதை மறுபடி பெட்டியில் வைத்துத் துவரிமானுக்குப் போனார். மோட்டாரை மாற்ற முடியாது என்பது முத்துமீனாவுக்குத் தெரியும்; ஆனாலும் ஓடும் என்று சொன்ன வாயால் பரீட்சைக்குள் லிஃப்ட் ஓடாது என்று சொல்ல வேண்டும். போனில் சொல்ல அவருக்கு மனமில்லை.

முத்துமீனா வேப்பமரத்தடியில் நாற்காலியில் புத்தகத்தோடு இருந்தாள். நாகஜோதி பெட்டியை அவள் காலடியில் வைத்து, சொல்ல வந்ததைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. முத்துமீனா அழுதுவிடுவாள் என்று நினைத்திருந்தார். அவள் குனிந்து மோட்டாரின் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்துநாலு எங்க கெடைக்குமாம்க்கா?"

"வேனுல கெடைக்காதாம். ரெண்டு பேட்டரி சேத்து வைக்கணுமாம். அதுக்குத் தனி சார்ஜரு, தனி பெட்டின்னு ராம்கி என்னென்னமோ சொன்னான். பரீட்சைக்குள்ள நடக்காது."

"எனக்கு அடியில ரெண்டு பேட்டரி இருக்குக்கா."

நாகஜோதிக்கு உடனே புரியவில்லை.

"என் வண்டியில. சேத்துத்தான் வச்சிருக்கு. இருபத்துநாலு."

ராம்கிக்குப் போன் போட்டார்கள். இந்த முறை எடுத்தார். முழுதும் கேட்டார். பிறகு, "அந்தப் பிள்ளைட்ட குடுங்கக்கா" என்றார்.

"ஒன் சேர் பேட்டரில ஒரு கொக்கி போட்டு ஒயர் எடுக்கணும்மா. பியூஸ் வச்சுத் தந்துருவேன். பேட்டரி சீக்கிரம் எறங்கும், பரவால்லையா?"

"பள்ளிக்கூடத்துல பிளக் இருக்குண்ணே."

"இம்புட்டு பக்கத்துல இருந்தது எனக்குத் தோணலையே. கடை போர்டுல ஒன் பேரையும் சேத்துருவோமா?"

"ஒங்க பேருக்கு முன்னாடி போடுவீங்களா, பின்னாடியாண்ணே?"

மறுநாள் ராம்கி துவரிமானுக்கே வந்து வேலை செய்தார். சுவிட்சுக்கு வேனின் கரண்ட், மோட்டாருக்கு நாற்காலியின் கரண்ட் என்று பிரித்தார். பின்கதவின் ஓரத்தில் ஒரு சாக்கெட். நாற்காலியின் முதுகிலிருந்து ஒரு தடித்த ஒயர். மோட்டாரை மாட்டும்போது குங்குமம் வெளியே தெரியும்படி திருப்பி வைக்கச் சொன்னார் நாகஜோதி. பலகை இறங்குவதற்கு மோட்டார் வேண்டாம், எடையே இறக்கிவிடும். ஏறுவதற்குத்தான் முத்துமீனா வேண்டும்.

அதில் இன்னொரு செலவு இருந்தது. எந்தக் கடையும் அதைப் பில்லில் எழுதியிருக்க முடியாது. மற்றப் பிள்ளைகளை ஏற்றவும் அவள் நாற்காலி வேனுக்குள் இருக்க வேண்டும். ஆகவே காலையில் எல்லோருக்கும் முன்பாக அவள் ஏறி, எல்லோருக்கும் பிறகு இறங்க வேண்டும். இதுவரை கடைசியாக ஏறி முதலில் இறங்கியவள் அவள். தூக்கம் குறையும். பரீட்சைக் காலம் வேறு.

"முடியுமா ஒனக்கு?" என்று நாகஜோதி கேட்டார்.

"நான் வரலைன்னா யாருமே ஏற முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்ப வருவேன்க்கா" என்றாள். அவள் முகத்தில் அப்போது வந்ததை நாகஜோதி பிறகு அழகுராஜாவிடம் சொல்ல முயன்றார். சரியாகச் சொல்ல வரவில்லை.

தேர்வு நாள் காலை வேன் துவரிமானில் வந்து நின்றது. சுருளி அன்று மார்க்கெட்டுக்குப் போகவில்லை. துண்டைத் தலையில் கட்டியிருந்தார், மூட்டைக்குக் கட்டுவது போல, எதற்கும் இருக்கட்டும் என்று. தெருவில் சிலர் கூடியிருந்தார்கள். நாகஜோதி பின்கதவைத் திறந்து பலகையை இறக்கினார். முத்துமீனா குச்சியை அசைத்து அதன்மேல் ஏறி நின்றாள். முதுகுப் பக்கம் கையை வளைத்து ஒயரை இழுத்தாள். சாக்கெட் கைக்கு எட்டவில்லை. சுருளி ஓர் எட்டு முன்னால் வந்தார். நாகஜோதி அவரைப் பார்த்தார். சுருளி நின்றுவிட்டார்.

முத்துமீனா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினாள். இப்போது எட்டியது. ஒயரைச் செருகினாள். பொத்தான் பெட்டியை அவள் கையிலேயே கொடுத்தார் நாகஜோதி.

மோட்டார் முதலில் இருமியது. பிறகு ஒரே சீராக ஒலித்தது. பழைய மோட்டாரைவிடச் சத்தம் கூடுதல். முத்துமீனா மெல்ல உயர்ந்தாள். அப்பாவின் தோள் மட்டம், பிறகு அப்பாவின் தலை மட்டம். எல்லோரையும் பார்த்தாள். கண்ணை மூடவில்லை.

"பாத்துப்பா, கழுத்து சுளுக்கிரப் போகுது" என்றாள் மேலேயிருந்து.

சுருளி தலைக்கட்டை அவிழ்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்றவரிடம், "என் மக பேட்டரிதான்" என்றார். "அவ கரண்டுலதான் வேனே ஓடுது."

வேன் ஓடுவது டீசலில். நாகஜோதி அதைத் திருத்தவில்லை. கதவைச் சாத்தினார். கோச்சடை டீக்கடை வந்ததும் வண்டியை நிறுத்தி, பின்பக்கம் ரோட்டைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டுவிட்டு, முத்துமீனாவுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தார். தேர்வுக்கு நேரம் நிறைய இருந்தது. இன்னும் மூன்று பிள்ளைகளை அவள் ஏற்ற வேண்டியிருந்தது.