கறுப்புத் தாளில் வந்த முதுகெலும்பு

1. எங்கே கேட்பது?

நான் நூலகப் படிப்புப் படித்தவள் இல்லை. டைப்ரைட்டிங் லோயர் பாஸ், அவ்வளவுதான். அறுபதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதல் நாளே டாக்டர் சாமுவேல் ஓர் அலமாரிச் சாவியைக் கொடுத்து, "டெய்சிம்மா, லைப்ரரியும் இனிமே உன் பொறுப்புதான்" என்றார். திறந்து பார்த்தால் பழைய மருத்துவப் புத்தகங்களும் பல்லி முட்டையும். அதற்குப் பெயர் லைப்ரரி!

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் சிங்காரப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாரப்பன் என்ற விவசாயியைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதுதான் இருக்கும். முதுகு பலகையாக விறைத்து, குனியவும் முடியாது, கழுத்தைத் திருப்பவும் முடியாது. கால்களிலும் பலம் குறைந்துகொண்டே வந்தது. பெங்களூரில் ஒரு பெரிய டாக்டர் முதுகைத் திறந்து ஆபரேஷன் செய்யத் தேதியே கொடுத்துவிட்டாராம். உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சொல்லிவிட்டாராம். மாரப்பனின் மனைவி சின்னப்பாப்பா, "வெட்டலாமா வேணாமான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி" என்று எங்கள் டாக்டரிடம் அழுதார்.

டாக்டருக்கு ஒரு சந்தேகம். குடிதண்ணீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகமானால் எலும்பு இப்படி இறுகும் என்று எப்போதோ படித்திருக்கிறார். ஆனால் அப்படி ஒரு கேஸைக் கண்ணால் கண்டதில்லை. எக்ஸ்ரே படத்தோடு ஒரு கட்டுரை வெளிநாட்டு ஜர்னலில் வந்திருப்பதாக ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பு சொன்னது.

"இன்டர் லைப்ரரி லோன்ல கேட்டு எழுதும்மா. அந்தப் படத்தையும் இவர் எக்ஸ்ரேயையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றார்.

இன்டர் லைப்ரரி லோன் என்றால் என்னவென்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒரு நூலகம் இன்னொரு நூலகத்திடம் இரவல் கேட்பது என்று நானாகப் புரிந்துகொண்டேன். பெங்களூர் பஸ் நம் வாசலில்தானே போகிறது என்று பெங்களூர் நூலகம் ஒன்றுக்கு எழுதினேன். நீங்கள் மெட்ராஸ் ஸ்டேட், மெட்ராஸ் வழியாகக் கேளுங்கள் என்று பதில் வந்தது. மெட்ராசுக்கு எழுதினேன். அந்த ஜர்னல் எங்களிடம் இல்லை, பெங்களூரில் இருக்கிறது என்றார்கள்! எனக்கு வந்த கோபத்தில் டைப்ரைட்டர் ரிப்பனே கிழிந்தது. மெட்ராஸ் கடிதத்தைப் பின் குத்தி மறுபடியும் பெங்களூருக்கே அனுப்பினேன். ஜர்னல் வெளியே போகாது, கட்டுரையின் முதல் பக்கமும் படப் பக்கமும் ஃபோட்டோஸ்டாட் எடுத்து அனுப்புகிறோம் என்று ஒருவழியாக இறங்கிவந்தார்கள்.

2. வந்து சேர்ந்தது

மாரப்பன் பெங்களூர் கிளம்புவதற்கு முந்தின நாள் கவர் வந்தது. ஓ.பி.யில் கூட்டம் நெரிந்தது. டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "படத்தை மட்டும் இங்க குடு. எழுத்துப் பக்கத்தைக் கேஸ் ஃபைலுக்கு டைப் அடிச்சு எடுத்துட்டு வா" என்றார்.

படம் தாளை முழுக்க அடைத்திருந்தது, எழுத்து ஒன்றுகூட இல்லை. அதை அவர் மாரப்பனின் எக்ஸ்ரே பக்கத்தில் வைத்தார். மாறி மாறிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"இல்லம்மா, பொருந்தல. நம்ம ஆளு எலும்பு சுண்ணாம்பா வெளுத்திருக்கு. இதுல கரியா இருக்கு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் நான்தான் முடிச்சுப் போட்டிருக்கேன்."

சின்னப்பாப்பாவைக் கூப்பிட்டு, "காலையில பெங்களூருக்கே போயிடுங்க" என்றார். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். இவ்வளவு எழுதி வாங்கினது இதற்குத்தானா?

சொன்ன வேலையைச் செய்தாக வேண்டுமே என்று எழுத்துப் பக்கத்தை டைப் அடித்தேன். சீ, கண் பூத்துப்போனது. தாள் முழுக்கக் கறுப்பு, எழுத்து வெள்ளை. எரிச்சலோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏன் டாக்டர், ஃபாரின்ல கறுப்புப் பேப்பர்லதான் புக்கு போடுவாங்களா? நம்ம ஊர் மாதிரி வெள்ளைப் பேப்பர் கிடையாதா?"

"என்ன உளர்றே?"

"இதோ, நீங்களே பாருங்க."

தாளைப் பார்த்தவர் நாற்காலி சாயும்படி எழுந்தார். "அடக் கடவுளே, நெகட்டிவ்!"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கல்யாணப் போட்டோ நெகட்டிவில் பெண்ணின் முகம் கறுப்பாகவும் கூந்தல் வெள்ளையாகவும் தெரியும் அல்லவா, ஃபோட்டோஸ்டாட்டும் கேமராவில் எடுக்கிற படம்தான், அப்படித்தான் இதுவும் என்றார். எழுத்தின் நிறம் தலைகீழாக வந்திருக்கிறதென்றால் படத்தின் நிறமும் தலைகீழ்தான். கறுப்பாகத் தெரிகிற எலும்பு நிஜத்தில் வெள்ளை. "அப்ப நம்ம எக்ஸ்ரேயும் தலைகீழா டாக்டர்?" என்று கேட்டேன். அதற்குள் அவர் இரண்டு படங்களையும் மறுபடி ஒட்டவைத்துப் பார்த்தார். முள் முள்ளாக வளர்ந்த எலும்பு ஓரங்கள்கூட ஒன்றுபோல இருந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

3. வார்டில்

"மாரப்பன், ஆபரேஷனுக்குப் போக வேணாம். இது தண்ணியில இருக்கிற உப்பால வந்தது, வெட்டினா தீராது. பெங்களூர் டாக்டருக்கு நானே எழுதிடறேன்" என்றார் டாக்டர். மாரப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

சின்னப்பாப்பா கேட்டார்: "அப்ப மருந்துலயே சரியாயிடுமா சாமி?"

"இறுகினது இறுகினதுதாம்மா. இதுக்கு மேல இறுகாம பாக்கலாம். உங்க ஊர்க் கெணத்துத் தண்ணிய இனிமே குடிக்கக் கூடாது. அதுலதான் கெடுதல் இருக்கு."

"நாங்க எல்லாருமே அதைத்தான குடிக்கிறோம்? கோடையில ஊருக்கே அது ஒண்ணுதான் சாமி ஊறுது."

அந்த அம்மா என் கையில் இருந்த கறுப்புத் தாளைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எங்கிருந்து வந்துச்சு தாயி?"

"பெங்களூர்லேர்ந்துங்கம்மா. நம்மகிட்ட இல்லாததை இருக்கிறவங்ககிட்ட எழுதிக் கேட்டா அனுப்புவாங்க."

"அப்ப நல்ல தண்ணி வேணும்னு எழுது தாயி. அனுப்புவாங்கல்ல?"

நூலக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்று உண்டு. யார் எந்தப் பக்கம் கேட்டாலும், எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, வந்த தாள் அத்தனையையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது அதுதான். சின்னப்பாப்பா கேட்டதை எந்த ஊருக்கு எழுதிக் கேட்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.