தெருவில் கிடந்த எங்கள் வீடு

போன வாரம் எங்கள் ஃபிளாட்டில் தரைக்கு டைல்ஸ் மாற்றினார்கள். சாமான்களையெல்லாம் வெளியே காரிடாரில் வைக்கச் சொன்னதும் நான் முதலில் தேடியது பழைய போர்வைகளைத்தான். எல்லாவற்றையும் மூடினேன். "யாரும்மா பாக்கப் போறாங்க?" என்று மகன் சிரித்தான். ஈரச் சிமென்ட் வாசனை வந்தால் எனக்கு இன்னமும் முகம் சூடாகிவிடும்.

எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் எங்கள் வீட்டுத் தரை அப்படியொரு கோணல். கூடத்தில் கோலிக்குண்டை வைத்தால் அதுவாக உருண்டு சமையலறைக்குப் போய்விடும்; இலையில் விட்ட ரசம் நம் வாய்க்கு வருமுன் பக்கத்தில் இருப்பவர் மடிக்குப் போய்விடும். தீபாவளிக்குள் கொத்திப் போட்டு மட்டம் செய்துவிடலாம் என்று அப்பா தீர்மானித்தார். அப்பா குமாஸ்தா; சட்டையின் கஞ்சி கலையாமல் தெருவில் நடப்பவர்.

தரையைக் கொத்த வேண்டுமானால் வீட்டையே காலி செய்ய வேண்டும் என்பது கொத்தனார் வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. எல்லாம் தெருவுக்கு வந்தன: ஓரம் கிழிந்த பாய்கள், தம்பி நனைத்து நனைத்துத் தேசப்படம் போட்டிருந்த மெத்தை, ஒரு காலுக்குச் செங்கல் வைத்த பெஞ்சு. அந்த நேரம் பார்த்து என் வகுப்புப் பெண்கள் இருவர் வந்தார்கள். நான் எதிர்ச்சாரிக்குப் போய், வேறு யார் வீட்டுச் சாமானோ என்பதுபோல் நின்றுகொண்டேன்.

நின்றது லூர்து அக்கா வீட்டு வாசலில். அதற்குத் தெருவில் பாரீசு வீடு என்று பெயர்; அவர் கணவர் பிரான்சில் இருந்தார். முன்னறையின் சிவப்புத் தரையில் முகம் பார்க்கலாம். யார் போனாலும் அங்கேயே உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார். அதைத் தாண்டி யாரும் போனதில்லை. பெரிய இடத்துப் பழக்கம் என்று நினைத்திருந்தோம்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தெருவே ஓடிவந்து கைக்குக் கிடைத்ததைத் தூக்கியது. அம்மாவும் கொத்தனாரும் மெத்தையோடு பாரீசு வீட்டுக்குள் ஓடினார்கள். பின்னால் நான், பாத்திரக் கூடையுடன். "உள்ள வேணாங்க, இங்கயே வைங்க" என்று லூர்து அக்கா குறுக்கே வருவதற்குள், கொத்தனார் முதுகால் உள்கதவைத் தள்ளிவிட்டார்.

உள்ளே தரை என்று ஒன்றில்லை. சிமென்ட் பெயர்ந்து மண் தெரிந்தது. ஓடு ஒழுகிப் பள்ளத்தில் தண்ணீர். ஒரு பாய், ஒரு அடுப்பு, கொடியில் சேலை. கட்டில் இல்லை, பீரோ இல்லை. எனக்கு முதலில் வந்தது ஒரு நிம்மதி: எங்கள் மெத்தை அவ்வளவு மோசமில்லை. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

லூர்து அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவரு அங்க வேற குடும்பமாயிட்டாருங்க. தெருவுல சொல்லிடாதீங்க."

அம்மாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "காலையிலேருந்து எங்க வூட்டு மானமே தெருவுலதான் கெடக்கு. நாங்க யாரப் போயி சொல்லப்போறோம்? கொத்தனாரு இருக்காரு, இதையும் சேத்துப் பூசிடட்டுமே."

"வேணாங்க. எனக்கு இதுவே பழகிடுச்சு."

எங்கள் தரை மட்டமாயிற்று. தெருவே வந்து பார்த்தது, லூர்து அக்கா வரவில்லை. அதன்பின் என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வார். எனக்குக் கோபமே வரவில்லை. அந்த இரண்டு பெண்களைக் கண்டால் நானும் வேறு வழியில்தான் பள்ளிக்கூடம் போனேன்.

லூர்து அக்கா அண்ணன் வீட்டோடு போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை, அவருடையதில் ஒரு தங்கும் விடுதி. அம்மாவும் இல்லை. அந்த அறையைப் பற்றி அப்பாவிடம்கூட அவள் கடைசிவரை வாய் திறக்கவில்லை.