சின்னம்மா குடிக்காத தண்ணீர்

என் சின்னம்மாவுக்குக் கல்லடைப்பு வந்ததற்குப் பசளிக்கீரைதான் காரணம் என்று எங்கள் வீடு முழுவதும் நம்பியது. அந்த நம்பிக்கையைக் கட்டிக் காத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அப்போது எனக்கு எட்டு வயது.

உலக யுத்தக் காலம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். கூப்பனுக்குக் கிடைத்த அரிசி வாரத்தின் பாதியைத் தாண்டவில்லை. கந்தோரில் கிளாக்கராக இருந்த அப்பா, வீட்டுத் தோட்டம் போடுகிறேன் என்று வேலி நீளத்துக்குப் பசளி நட்டார். வேறெதுவும் முளைக்காத அந்த உப்பு மணலில் பசளி மட்டும் வெறிகொண்டு படர்ந்தது. ஆகவே காலையில் பாணுடன் பசளி, மத்தியானம் மரவள்ளிக்கிழங்குடன் பசளி, இரவிலும் பசளி. கூடவே பொரித்த கருவாடு. நானும் அப்பாவும் முகம் சுளிப்போம். அம்மாவின் தங்கையான சின்னம்மா மட்டும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். ஆசையில் கேட்டாரோ, அக்கா வீட்டில் தங்கியிருப்பவள் குறை சொல்லக்கூடாது என்று கேட்டாரோ, தெரியாது.

சின்னம்மா பக்கத்திலிருந்த சிறிய பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. நானும் அங்கேதான் மூன்றாம் வகுப்புப் படித்தேன். காலையில் வகுப்புக்குள் போனால் கடைசி மணி அடிக்கும்வரை அவர் வெளியே காலெடுத்து வைக்கமாட்டார். மற்ற வாத்திமார் இடைவேளைக்குத் தேநீர் குடிக்கப் போகும்போதும் கொப்பி திருத்திக்கொண்டிருப்பார். என் சின்னம்மாவைப்போல ஒரு ரீச்சர் இல்லை என்று நான் தோழிகளிடம் பெருமை அடித்துத் திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குசினித் தரையில் சுருண்டு விழுந்தார். அப்பா ரிக்‌ஷா பிடித்து வந்தார். டொக்டர், வீட்டில் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார்.

"பசளியிலை கல்லுக்கு வேண்டிய சத்து நிறைய இருக்கு. கருவாட்டு உப்பும் கூடாது. ரெண்டையும் நிப்பாட்டுங்கோ," என்றார் டொக்டர். பிறகு சின்னம்மாவைப் பார்த்து, "ஆனா முதல் மருந்து தண்ணிதான். இந்த வெக்கைக்கு நல்லாத் தண்ணி குடிக்கோணும். பள்ளிக்கூடத்துக்கும் போத்தல் கொண்டு போங்கோ," என்றார்.

சின்னம்மா தலையாட்டினார்.

அன்று பின்னேரமே அப்பா பசளிக் கொடியை வேரோடு பிடுங்கி ஒழுங்கையில் எறிந்தார். அம்மா அழுதார். "நான்தானே அவளுக்குக் கல்லைச் சமைச்சுக் குடுத்தனான்."

அடுத்த நாள் முதல் ஒரு பெரிய சர்பத் போத்தலில் கொதித்தாறிய தண்ணீர் எங்களோடு பள்ளிக்கூடம் வந்தது. காவல் நான். "முழுக்கக் குடிச்சவவோ எண்டு எனக்கு வந்து சொல்லோணும்," என்பது அம்மாவின் கட்டளை.

மத்தியானம் சின்னம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். போத்தலில் ஒரு மிடறுதான் குறைந்திருந்தது.

"பிள்ளை, இதை முத்தத்துச் செவ்வரத்தைச் செடிக்கு ஊத்திப்போட்டு வாறியே?"

"நீங்கள் குடிக்கேல்லையே?"

"எனக்கு இஞ்சை குடிக்கேலாது. வீட்டை போய்க் குடிக்கிறன். அக்காவுக்குச் சொல்லாதை. பாவம், கவலைப்படுவா."

செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றுவது எனக்கு மிகவும் பிடித்த வேலையாகிவிட்டது. வீடு திரும்பும் வழியில் ஒழுங்கை முனைக் கடையில் சின்னம்மா ஒரு தோடம்பழ இனிப்பும் வாங்கித் தருவார். வாசலில் அம்மா கேட்பார். "ஓம் அம்மா, முழுக்கக் குடிச்சவ," என்பேன். 'முழுக்க' என்று சொல்லும்படி சின்னம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அது என் சொந்தச் சேர்க்கை.

ஐந்தாறு மாதம் இப்படிப் போயிற்று. அடுத்த தரம் நோவு காய்ச்சலோடு வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து, ஒரு பக்கத்துச் சிறுநீரகம் சீழ் பிடித்துவிட்டது, எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். எடுத்தார்கள்.

"பசளியும் இல்லை, கருவாடும் இல்லை, தண்ணியும் குடிச்சவள். பிறகேன்?" என்று அம்மா அடுப்படியில் இருந்து புலம்பினார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கையை ஓங்கினார், ஆனால் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அம்மாவும் அப்பாவும் நானும் நின்றோம். "உனக்கென்ன விசரே? ஒரு போத்தல் தண்ணி குடிக்க என்ன கஷ்டம்?" என்று அம்மா கேட்டார். சின்னம்மா அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "மறந்து போனன், அக்கா," என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். எனக்கு விளக்கெண்ணெயைக் கண்டால் குமட்டுவதுபோல அவருக்குத் தண்ணீரைக் கண்டால் குமட்டும், அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது அவருக்குப் பேசி வந்த சம்பந்தம் குழம்பியது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சின்னம்மா வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார்.

பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு நானும் ஆசிரியையானேன், கொட்டாஞ்சேனையில். முதல் நாள் தலைமை வாத்தியாரின் அறையில் பிள்ளைகளின் பெயர் இடாப்பை வாங்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய கதிரைக்குப் பின்னால் ஆணியில் ஒரு திறப்பு தொங்கியது. தொலைந்து போகாதிருக்க அதில் ஒரு மரக்கட்டை கட்டியிருந்தார்கள். ஆசிரியர்களின் கக்கூசுப் பூட்டின் திறப்பு. அறையில் ஐந்து ஆண்கள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் போய்க் கேட்டு வாங்கி, அந்தக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய பொடியன்களின் வகுப்பைக் கடந்து, முற்றத்தின் மறுகோடிக்குப் போகவேண்டும்.

எங்கள் பழைய பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் ஒரு திறப்பு தொங்கியது. பள்ளி நாளெல்லாம் நான் அதைப் பார்த்தவள். சிறுமிகளான எங்களுக்கு மதிலோரம் ஒரு மறைப்பு இருந்தது. ரீச்சர்மார் எங்கே போவார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அப்பாவுக்கு முன்னால் சின்னம்மா எதைச் சொல்ல முடியாமல் சுவரைப் பார்த்தார் என்பதையும்தான். டொக்டர் அவர் சாப்பிட்டதையெல்லாம் விசாரித்தார். அம்மா குடித்தாளா என்று கேட்டார். ஏன் குடிக்கேலாது என்று அன்றே கேட்டிருக்கக்கூடிய ஒருத்தி நான்தான். நான் செவ்வரத்தைக்கு ஊற்றினேன்.

முதல் விடுமுறைக்கே யாழ்ப்பாணம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"சின்னம்மா, எங்கடை பள்ளிக்கூடத்திலையும் திறப்பு ஹெட்மாஸ்டரின்ரை அறையிலைதான்," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நீயும் குடிக்கிறேல்லையே?" என்று கேட்டார்.

அவர் எழுந்து போய், ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இஞ்சை நிக்கிற நாளிலையாவது குடி, பிள்ளை."