பச்சைப் பொட்டு வைத்த வலது கண்கள்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். புரொஜெக்டரில் போட்டுக் காட்டும் ஸ்லைடு பிலிம்களுக்கு நீள அட்டைச் சட்டம் போட்டிருக்க வேண்டும். சதுர அட்டை போட்டேன். காரணம் கலை அல்ல, கைதட்டல்.

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது தன் கேமராவை என்னிடம் விற்றுவிட்டுப் போனார். அதற்கு இரண்டு லென்ஸ். இடது கண் பார்ப்பதை ஒன்று எடுக்கும், வலது கண் பார்ப்பதை மற்றொன்று. இரண்டு ஸ்லைடையும் சேர்த்துப் பார்த்தால் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகள் ஒன்றின் பின் ஒன்றாக எழுந்து நிற்கும். ஒன்றை மட்டும் பார்த்தால் வெறும் மூட்டை.

ஊர்ப் புகைப்பட மன்றம் கண்காட்சி வைத்தது. நீள அட்டையில் இரண்டு கண்ணும் ஒரே சட்டத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதைச் செருகிப் பார்க்கும் கைப்பெட்டிக்குள் ஒவ்வொருவராகத்தான் எட்டிப் பார்க்க முடியும். சதுர அட்டையில் கண்ணுக்கு ஒன்றாகத் தனித்தனி. இரண்டு புரொஜெக்டர் வைத்து ஒரே திரையில் போட்டால், கண்ணாடி மாட்டிக்கொண்டு மண்டபமே பார்க்கலாம்.

"நீள அட்டையே போடுங்க. வரிசையில நின்னு பாத்துட்டுப் போவட்டும்" என்றாள் மனைவி.

"அவனவன் தனித்தனியா வாயப் பொளந்தா எனக்கு எப்படித் தெரியும்? மொத்தமாப் பொளக்கணும்."

"அப்ப படத்தப் பாக்க இல்ல, உங்களப் பாக்கத்தான் கூப்பிடுறீங்க."

திரைக்காக ஒரு துணியில் அலுமினிய பெயிண்ட் அடித்தேன். வெள்ளிக் கவசம் சாத்திய கைகளோடு சில நாள் ஆபீஸ் போனேன். முப்பரிமாணப் படம் ஓடி முடிந்த தியேட்டரில் கெஞ்சி ஒரு மூட்டை கண்ணாடி வாங்கி வந்தேன். இடது கண் அட்டைகளுக்குச் சிவப்புப் பொட்டு, வலது கண் அட்டைகளுக்குப் பச்சைப் பொட்டு வைத்தேன்.

கண்காட்சியன்று காலை ஸ்லைடுப் பெட்டியை மன்றச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, நண்பர் ஒருவரிடம் இரண்டாவது புரொஜெக்டரை இரவல் வாங்க வேலூருக்கு பஸ் ஏறினேன். அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால், பாதிதான் இருந்தது. பச்சைப் பொட்டு ஒன்றுகூட இல்லை.

செயலாளர் சிரித்த முகமாக வந்தார். "எல்லாம் ரெண்டு ரெண்டா இருந்துதுங்க. காலையில தொடக்க விழாவுக்கு வந்த சீஃப் கெஸ்ட் பிரமாதம்னாரு. ஜாஸ்தியா இருந்தத ஸ்வீட் பாக்ஸ்ல போட்டு, சால்வையோட மேடையிலேயே குடுத்துட்டோம்."

"அவரு எங்க?"

"அப்பவே மெட்ராஸ் கெளம்பிட்டாரே."

இன்றைக்கும் வயிறு எரிகிறது. வெயிலில் மலை ஏறி இறங்கி எடுத்த படங்கள். கேட்காமல் எடுத்து வழங்க அதென்ன சுண்டலா? திருட்டு என்றால் போலீசுக்குப் போகலாம். இது மரியாதை, கைதட்டலோடு நடந்திருக்கிறது. நான் ஆசைப்பட்ட அதே கைதட்டல். பிறகு அந்தப் பெரிய மனிதருக்கு எத்தனையோ முறை எழுதினேன். ரசித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, பதிலே போடவில்லை.

மாலையில் மண்டபம் நிறைந்தது. செயலாளர் ஆளுக்கொரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, ஒற்றை புரொஜெக்டரில் இடது கண்களை மட்டும் ஓட்டினார். மலை, குரங்கு, மூட்டை எல்லாம் சுவரில் ஒட்டிய போஸ்டராகக் கிடந்தன. "இதுக்கு எதுக்குங்க கண்ணாடி, எல்லாருக்கும் கண்ணு வலியா?" என்றது பின்வரிசை. கூட்டம் சிரித்தது. வேறொரு நாளாக இருந்தால் முதலில் நான்தான் சிரித்திருப்பேன்.

விளக்கு போட்டதும் செயலாளரை வாசலிலேயே மறித்துக்கொண்டேன். "என் படம் அத்தனையும் போச்சுங்க. இதுக்கு என்னா பதில் சொல்றீங்க?"

"அதான் உங்களுக்கு ஒரு செட்டு இருக்கே."