பதினேழாம் பிறையில் நீர்நாய்

அரசலாற்று முகத்துவாரத்தில் நீர்நாயைப் பார்த்தேன் என்று சொன்னபோது வாப்பா நம்பவில்லை. அந்த ஆற்றங்கரையிலேயே வளர்ந்த மனிதர். தாம் பார்க்காத ஒன்றை ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் பார்த்துவிட்டாள் என்றால் எப்படி ஒப்புக்கொள்வார்? "கீரிப்புள்ளயப் பாத்துட்டு வந்து நாயிங்குற" என்று சவூதியிலிருந்து வீடியோ காலில் சிரித்தார்.

வீட்டில் உம்மாவும் நானும் மட்டும்தான். வாப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், மற்ற நாளெல்லாம் உம்மாவின் போனுக்குள் இருப்பார். அவரிடம் சொல்ல என்னிடம் பெரிதாக எதுவும் இருந்ததில்லை. என்ன மார்க், சோற்றுக்கு என்ன ஆணம், காய்ச்சல் விட்டதா, அதோடு பேச்சு தீர்ந்துவிடும். முதல் தடவையாக அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் காட்டியே தீருவது என்று பிடிவாதம் வந்துவிட்டது.

ஆனால் நீர்நாய் நம் சௌகரியத்துக்கு வருகிற பிராணி இல்லை. மூன்று சாயங்காலம் போய் நின்றேன். ஒரு நாள் கடல்தண்ணீர் ஏறி ஆறு கரைமுட்டக் கிடந்தது. ஒரு நாள் மேற்கே பெய்த மழையில் ஒரே செங்கலங்கல். இன்னொரு நாள் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் வரவில்லை. கடைசியில் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாளிடம் கேட்டேன். அவள் புருஷன் முகத்துவாரத்தில் வலை போடுகிறவர். நீர்நாய் கடித்த வலையைத் தைத்துத் தைத்துச் சலித்தவள், முதலில் அதைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"பௌர்ணமி கழிச்சு மூணாம் நாளு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போ பாப்பா. தண்ணி நல்லா வத்திக் கெடக்கும். மீனெல்லாம் நடுப்பள்ளத்துல ஒதுங்கும், அதுங்களும் அங்கதான் வரும். கடல்காத்து அடிக்கணும். மேல்காத்துன்னா உன் வாடை அதுக்குப் போயிடும், தலையக் காட்டாது."

எங்கள் வீட்டில் பௌர்ணமி என்று யாரும் சொல்வதில்லை, பிறைக் கணக்குதான். பதினாலாம் பிறையில் முழுநிலா, அதோடு மூன்று கூட்டினால் பதினேழு. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, 'பதினேழாம் பிறை, நம்மூர் நேரம் அஞ்சு மணி' என்று வாப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். நேரத்துக்கு மட்டும் மறக்காமல் 'நம்மூர்' சேர்த்தேன். அரை நாள் லீவு போடுவதாகப் பதில் வந்தது.

பதினாறாம் பிறையன்று டியூஷன் முடிந்து வந்தபோது உம்மா சொன்னார்கள். "வாப்பா பேசுனாங்க. ஒன்னய எங்கன்னு கேட்டாங்க. டியூஷன்னு சொன்னேன். சும்மாதான் கூப்பிட்டாங்களாம்." நாளைக்குத்தான் பேசப்போகிறோமே என்று நான் திரும்பக் கூப்பிடவில்லை.

மறுநாள் கடல்காற்று முகத்தில் அடித்தது. உம்மா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, நான் போனோடு கரையில் குந்தியிருந்தேன். ஐந்து மணிக்குத் தண்ணீர் வற்றிச் சேற்றுத்திட்டு தெரிந்தது. முதலில் ஒரு தலை, பிறகு இன்னும் மூன்று. ஒன்று திட்டில் ஏறி, மீனை முன்னங்கால்களில் பிடித்துக்கொண்டு நறநறவென்று தின்றது, சத்தம்கூடக் கேட்டது. வாப்பாவைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஐந்து தடவை கூப்பிட்டேன். அவ்வளவு பக்கத்தில் வந்த நீர்நாயைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் நான்கும் போய்விட்டன. இத்தனை நாளில் அப்படி ஒரு தனிமையை நான் உணர்ந்ததில்லை.

இரவு இஷா தொழுகைக்குப் பிறகு அவரே கூப்பிட்டார். "இப்பத்தான் புள்ள வேலை முடிஞ்சுது. நீர்நாய் வந்துச்சா?"

"வரல" என்றேன்.

"பரவால்ல. காத்து மாறியிருக்கும்" என்றார். பிறகு "நேத்து..." என்று ஏதோ ஆரம்பித்தார். நான் போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். நீர்நாய்ப் பேச்சு அதோடு எங்களுக்குள் நின்றுபோனது.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், சவூதியில் வாப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர் பார்சல் கொடுக்க வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், "நீர்நாய் புள்ள நீதானா?" என்று கேட்டார். "நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குன எங்களயெல்லாம் எழுப்பி உக்கார வச்சாரும்மா. போனைத் தண்ணிக்குடத்துல சாய்ச்சு வச்சுக்கிட்டு பொழுது சாஞ்சு மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் காத்திருந்தோம். புள்ள டியூஷன் போயிருக்குன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் சொன்னாரு, அன்னைக்கு எங்ககிட்ட சொல்லவே இல்ல. ஆத்துல தண்ணி வத்தல போலன்னே சொல்லிக்கிட்டிருந்தாரு."

அங்கே பிறை நமக்கு ஒரு நாள் முந்தி. வாப்பா புதுச்சட்டையோடு பெருநாள் சேமியா சாப்பிடுவதை நாங்கள் நோன்போடு போனில் பார்த்து வருடாவருடம் சிரித்திருக்கிறோம். அந்தப் பெருநாள் பிறைக்கும் என் பதினேழாம் பிறைக்கும் ஒரே கணக்குதான், அவருடைய பதினேழு எனக்குப் பதினாறு என்பது பதினொரு வயதில் எனக்கு எட்டவில்லை. அவர் மறந்தார் என்று நான் நினைத்தேன். நான் மறந்தேன் என்று அவர் நினைத்திருப்பார்.

வாப்பா இப்போது ஊரோடு வந்துவிட்டார். சாயங்காலம் அந்த நடைபாதையில்தான் நடக்கிறார். நான்கு வந்தன வாப்பா என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.