எலோயின் இருபதாவது ஆட்டம்

பதினாறு வருடங்களில் பதின்மூன்று கழகங்களுக்கு ஆடிய ஒரு முன்கள வீரன் மொத்தமே அறுபத்தொரு கோல்தான் அடித்திருக்கிறான் என்றால், அவனைத் திரும்பத் திரும்பச் சம்பளம் கொடுத்துக் கூப்பிடுகிறவர்களுக்கு என்ன பைத்தியமா? ஸ்பெயின்காரன் எலோய் மார்ட்டோஸ் எங்கள் கழகத்துக்கு வந்த நாளிலிருந்து என் மண்டையைக் குடைந்த கேள்வி இது.

எங்களுடையது டென்மார்க்கில், எஸ்பியர்க்கிலிருந்து அரை மணி தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் உதைபந்தாட்டக் கழகம். நான் செல்வமலர், அங்கே உடுப்பறையைப் பார்க்கிறவள். பதினொரு வருடமாக இந்தப் பெடியன்களின் சேற்றைத் துவைக்கிறேன். எனக்குப் பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று என் கணவர் பாலேந்திரா சொல்லுவார். துவைக்கிறவளுக்குத் தெரியாததா? யார் விழுந்தான், யார் விழுந்ததுபோல் நடித்தான், யார் தொண்ணூறு நிமிடமும் சும்மா நின்றான் என்று காற்சட்டையே சொல்லிவிடும்.

எலோயின் ஜெர்சிதான் எனக்குப் பிடிபடவில்லை. கோல் அடிக்காதவனின் ஜெர்சி ஒவ்வொரு வாரமும் முதுகுப்பக்கம் தையல் விட்டு வந்தது. இவனை எதற்காக இப்படி இழுக்கிறார்கள்? ஒருநாள் ஊசியும் நூலுமாக இருந்துகொண்டு அவனையே கேட்டேன். கதைத்தது டேனிஷில்தான். என் டேனிஷே அரைகுறை, அவனுடையது அதிலும் கால்வாசி. இங்கே எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"நான் பந்துக்காக ஓடுறதில்லை, மலர். ரெண்டு பேரை எனக்குப் பின்னால இழுத்துக்கொண்டு ஓடுறன். அந்த ரெண்டு பேரும் விட்டிட்டு வந்த இடத்தில எங்கட மற்றப் பெடியன் நிண்டு அடிப்பான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான் என்று உள்ளுக்குள் சிரித்தேன். ஆனாலும் அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்த்தேன். உண்மைதான் சொல்லியிருந்தான். நாங்கள் கோல் போட்டதும் எல்லோரும் ஓடிப்போய் அடித்தவனைத் தூக்கினார்கள். எலோய் மறுபக்கத்துப் புல்லில் கிடந்து எழும்பி, தன்னை இழுத்து விழுத்தியவனுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தான். அவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவனைக் குடைந்து குடைந்து கேட்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. தகப்பன் லொறிச் சாரதி. பத்தொன்பது வயதில் ஒரு பெரிய கழகம் "நீ போதாது" என்று அனுப்பிவிட்டது. பிறகு ஸ்பெயினிலேயே ஆறு ஊர், சைப்பிரஸில் இரண்டு, போலந்தில் இரண்டு. ருமேனியாவில் ஆட்டப் பருவத்தின் நடுவிலேயே கழகத்தை இழுத்து மூடிவிட்டார்களாம். பின்லாந்தில் சப்பாத்துக் கயிறு உறைந்து, கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்றினானாம். இதையெல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லுவான்.

அவனோடு கூடவே ஊர் மாறியவள் மகள் நூரியா. பத்து வயது. தாய் பிரிந்துபோய் ஸ்பெயினில் இருக்கிறாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் அவளுக்கு ஐந்தாவது. பள்ளி விட்டதும் நேரே என் உடுப்பறைக்கு வந்து, சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். தகப்பனைவிடக் கூடுதலாகக் கேள்வி கேட்பாள். இரண்டு வருடத்தில் அவளுடைய டேனிஷ் அச்சு அசல் இந்த மேற்குக் கரைக் கிழவர்களின் டேனிஷாகிவிட்டது.

ஏப்ரல் நடுவில் எலோயின் ஜெர்சி தையல் விடாமல் வரத் தொடங்கியது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் பெயர் இருக்கும், நானும் ஜெர்சியைக் கொழுக்கியில் மாட்டுவேன். ஆட்டம் முழுக்க மாற்று ஆட்களின் வாங்கில் இருந்துவிட்டு அப்படியே கழற்றிப் போடுவான். காயமா என்று கேட்டேன். இல்லை என்றான். பிறகுதான் விஷயம் வந்தது. இந்தப் பருவத்தில் இருபது ஆட்டம் ஆடினால் அவனுடைய ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்துக்குத் தானாக நீளும். பத்தொன்பது ஆடிவிட்டான். இருபதாவதுக்கு இறக்க வேண்டாம் என்று கழகத் தலைவர் பிரெபென் பயிற்சியாளருக்குச் சொல்லிவிட்டார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவன் கோபப்படவேயில்லை. முப்பத்தைந்து வயதுக்காரனை யார் வைத்திருப்பார்கள், பிரெபென் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன் என்றான். மால்ட்டாவில் ஒரு கழகம் கேட்டிருக்கிறது, ஜூலையில் போகவேண்டும் என்றான்.

"நூரியாவுக்குச் சொல்லிட்டீரோ?" என்று கேட்டேன்.

"அவள்தான் எனக்குச் சொன்னவள். நான் வாங்கில இருக்கிறதை அவளும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறாள்."

மே மாதக் கடைசியில் என் மகன் நிதுஷனின் கலியாணம் கோல்டிங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் ஆட்களின் கலியாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. அழைத்த வெள்ளைக்காரர் எல்லோருக்கும் முன்பக்கமாக ஒரே மேசை, உறைப்புக் குறைத்த கறி, கரண்டி, முள்ளுக்கரண்டி. நல்ல மரியாதைதான். நானும் அந்த மேசைக்குப் பெயர் அட்டைகளை எழுதி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். மணவறையில் நின்று நிமிர்ந்து பார்த்தால், பிரெபெனுக்குப் பக்கத்தில் எலோய், நடுவில் நூரியா. இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் மேசை மாற்றிக்கொண்டு திரிய முடியுமா? எங்கள் கலியாணம் அரை மணியில் முடிகிற சங்கதியும் இல்லை. மூன்று மணி நேரம் அவர்களை அப்படியே விட்டுவைத்தேன்.

ஒருவழியாகப் பாயாசத்தோடு மன்னிப்புக் கேட்கப் போனபோது, அங்கே நூரியா கதைத்துக்கொண்டிருந்தாள். ஐயர் ஏன் நெருப்பு வளர்க்கிறார், கூறைச் சேலை எப்போது மாற்றுவார்கள், அறுகரிசி தூவுவது எதற்கு என்று நான் உடுப்பறையில் சொன்னதையெல்லாம் பிரெபெனுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ என்ர அப்பாவைப்போலக் கதைக்கிறாய். எங்க பழகினனீ?" என்று கேட்டார்.

"இங்கதான். ஜூலையில மால்ட்டாவுக்குப் போறம். அங்கத்தைப் பேச்சும் கெதியாப் பழகிடுவன். எனக்கு அது பழக்கம்."

குறையாகச் சொல்லவில்லை. பல் விளக்குவதைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிரெபென் கரண்டியைக் கீழே வைத்தார். எலோய் தலை நிமிரவில்லை. பாயாசத்தை வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பருவத்தின் கடைசி ஆட்டம். பிரெபென் பயிற்சியாளரிடம் ஏதாவது சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தேன், இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. எலோய் வழக்கம்போல வாங்கில். நாங்கள் இரண்டு கோலால் பின்தங்கியிருந்தோம். நானும் நூரியாவும் வேலியோரம் நின்றோம். எண்பது நிமிடமானதும் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. எண்பத்தெட்டாவது நிமிடத்தில் பயிற்சியாளர் திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டினார். எலோய் எழும்பிக் கோட்டைத் தாண்டி உள்ளே போனான்.

ஒரு கால் உள்ளே வைத்தாலே ஒப்பந்தத்தில் ஓர் ஆட்டமாகக் கணக்கில் சேரும் என்று அவன் எனக்குச் சொல்லியிருந்தான். நூரியா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். ஆறு நிமிடம் அந்த மனிதன் மூலைக்கு மூலை ஓடினான். பந்து ஒருதரம்கூட அவனிடம் வரவில்லை. நாங்கள் தோற்றோம். விசில் ஊதியதும் மைதானத்தின் நடுவில் குந்தியிருந்து முகத்தை மூடிக்கொண்டான். தோற்ற கவலை என்று எதிரணிப் பெடியன் ஒருவன் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

பிறகு இரண்டு பேரும் உடுப்பறை வாசலுக்கு வந்தார்கள். அழப்போகிறான், நானும் அழப்போகிறேன் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு. நாளைக்குப் பாலேந்திரா அண்ணையின் சாமான் ஏற்றும் வான் சும்மா நிற்குமா என்று கேட்டான்.

"எதுக்கு?"

"கட்டில் வாங்கவேணும். அவளுக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. இவ்வளவு நாளும் கழகம் தந்த வீடுகளில கிடந்த கட்டில்களிலதான் படுத்தனாங்கள். சொந்தமா ஒண்டும் வாங்கினதில்லை."

நூரியா தளபாடக் கடையின் விளம்பரத் தாள் ஒன்றை விரித்துப் பிடித்திருந்தாள். இரண்டு படங்களைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டிருந்தது, ஒன்று சிறிய கட்டில், ஒன்று நீளம்.

"ரெண்டு வருசத்தில நான் எவ்வளவு வளருவன்?" என்று கேட்டாள்.

பெரிய ஆக்களின் கட்டிலாகவே வாங்கச் சொன்னேன்.