மாறிப்போன போல்ட்

காலி

துப்பாக்கியை வாங்கிய கையோடு, அடைப்புத் தண்டான போல்ட்டை இழுத்து, தோட்டா உட்காரும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவினார் எங்கள் அரபி வாடிக்கையாளர் அபூ ஹமத். காலிதான் என்று ஒரு நொடி முன்பு நான் திறந்து காட்டியிருந்தேன். வேட்டைத் துப்பாக்கிக் கடையில் துடைத்துத் தருகிறவனின் வார்த்தையை யாரும் நம்பக்கூடாது. இந்தத் தொழிலின் மரியாதை அதுதான். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற எவருக்கும் இது கசக்கும். எனக்கும் கசந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"என் அம்மா எடுத்துக் கொடுத்தாலும் இப்படித்தான் பார்ப்பேன்" என்றார் இந்தியில்.

சாவி

வருடத்துக்கொரு முறை அவரும் தம்பியும் மலைநாடுகளுக்குக் காட்டாடு வேட்டைக்குப் போவார்கள். இருவருக்கும் ஒரே மாதிரித் துப்பாக்கி. கிளம்பும் முன் எங்களிடம் சுத்தம் செய்யக் கொடுப்பார்கள். நான் எல்லோருக்கும் சொல்வதையே அவர்களுக்கும் சொல்வேன்: கெட்டியான பெட்டி, தோட்டாவுக்குத் தனிப்பெட்டி, விமானம் மாறும் நாட்டுக்கும் சேர்த்து அனுமதிச் சீட்டு, சாவி உங்களிடமே.

போன வருடம் தம்பி சாவியைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து, அமுக்கினால் மாட்டிக்கொள்ளும் பூட்டைப் போட்டுவிட்டார். பூட்டை அறுக்கும்போது, கவுண்டரில் விற்கும் சலீம் காக்கா (கீழக்கரைப் பேச்சில் அண்ணன்) என் காதில் சொன்னார்: "உள்ள துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. வெளிய நாமதான் மாட்டிக்கிட்டோம்."

ஒரே துண்டு

மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு துப்பாக்கிதான் இருக்க வேண்டும். இந்த வருடம் அவசரத்தில் இரண்டையும் கழற்றி, இரண்டு போல்ட்டையும் ஒரே துண்டின்மேல் வைத்தேன். சகோதரர்கள் வாங்கிக்கொண்டு விமான நிலையம் போய்விட்டார்கள். வேலை முடிந்ததும் எண்கள் தெரியப் படம் எடுப்பது என் வழக்கம். டீ குடித்தபடி போனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே எண் இருக்க வேண்டிய துப்பாக்கியின் உடலில் 71, போல்ட்டில் 74. அடுத்த படத்தில் நேர்மாறு.

மாற்றிப் போட்டாலும் கச்சிதமாகத்தான் பூட்டும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் அறைக்கு அளவு பார்த்துப் பொருத்தியது. மாறினால், சுடும்போது தோட்டாவின் அடி பிய்ந்து வெப்பக்காற்று பின்பக்கம் சீறலாம். பின்பக்கம் இருப்பது சுடுகிறவரின் கண்.

"சொன்னா என் வேலை போயிடும் காக்கா" என்றேன்.

அவர் கார் சாவியை எடுத்தார். "சொல்லாட்டி சோறு எறங்குமா ஒனக்கு? யல்லா, ஏறு. போற வழியில அவருக்குப் போன் போடு."

ஆயுதச் சோதனை அறை

வழியிலேயே அபூ ஹமத்திடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டு, விமான நிலையத்துக்குள் ஓடிப்போய் நின்றேன். தம்பி கைக்கடிகாரத்தைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அபூ ஹமத் போலீஸ்காரரிடம் அனுமதி கேட்டுப் பூட்டைத் திறந்தார். போல்ட்டுகளை உருவி, எண்ணை உரக்க வாசித்து, அதனதன் இடத்தில் போட்டார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். விமானத்துக்கு ஆட்களை அழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கைகளுக்கு அது கேட்கவேயில்லை. தம்பியும் தானாகக் கடிகாரக் கையைக் கீழே இறக்கினார்.

"எங்கள் முதலாளியிடம் சொல்வீர்களா, அர்பாப்?" என்று கேட்டேன். அரபி ஐயாக்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

"சொல்வேன். நீயேதான் போன் செய்தாய் என்றும் சொல்வேன்."

பதினோரு வருடமாகத் துப்பாக்கிகளுக்கு நடுவில் பயமில்லாமல் இருந்தவனை நடுங்கவைக்க ஒரு போட்டோ போதுமாக இருந்தது.

என் முகமெல்லாம் வியர்வை. அவர் மேஜைமேலிருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, பூட்டைப் பூட்டினார்.